ரஹீம் சாகிப்: ஜகார்த்தாவில் வென்ற ஹைதராபாத் ஆசிரியர்

1962ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் ஜகார்த்தா மாநகரில் நான்காம் ஆசிய விளையாட்டுப் பந்தயங்களின் கால்பந்தாட்ட இறுதிப் போட்டி நடைபெற்றது. இந்தியா 2, தென் கொரியா 1. பழைய ஏடுகளைப் புரட்டுவோர் கண்ணுக்குத் தென்படுவது இந்த ஒற்றை வரிதான். அதற்குப் பின் ஆசியப் பந்தயங்கள் எத்தனையோ நடந்துவிட்டன. கால்பந்தாட்டத்தில் இந்தியா மீண்டும் தங்கம் பெற்றதில்லை. 1970இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலமே அதன்பின் கிடைத்த பதக்கம்.

அந்த வரியின் பின்னே நின்றவர் நமது ஹைதராபாத் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். சையத் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். ரஹீம் சாகிப் என்றே நகரத்தார் அழைத்தனர். இந்நகரில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் அவர் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டியதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். ஆயினும் ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் பெற்ற புகழ் இந்நகர எல்லையைத் தாண்டவில்லை. படிப்பு முடிந்ததும் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றில் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பையும் ஏற்றார். கரும்பலகையின் முன் நின்று பழகிய மனிதர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் நாட்டின் அணியை நடத்தியபோதும் அவர் ஆசிரியராகவே நடந்துகொண்டார்.

1940களில் ஹைதராபாத் கால்பந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்நாளில் நம் நாட்டு ஆட்டம் இருந்த நிலையை இளைஞர்கள் அறிய மாட்டார்கள். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடினர். பந்து காலில் கிடைத்தவுடன் அதைத் தனியே உருட்டிக்கொண்டு, எதிரிகள் இருவர் மூவரை ஏமாற்றிச் செல்வதே ஆட்டத்தின் அழகு என்று கருதப்பட்டது. வேடிக்கை பார்ப்போரும் அதற்கே கைதட்டினர். கூட்டாளிக்குப் பந்தைக் கொடுப்பவனைக் கவனிப்பார் இல்லை.

இந்தப் பழக்கத்தை உபதேசத்தால் மாற்ற முடியாது என்பதை ரஹீம் கண்டுகொண்டார். பள்ளிப் பிள்ளைகளுடன் பழகியவருக்கு அது தெரியாதா? எனவே போட்டிகளின் விதிகளையே மாற்றினார். பந்தை உருட்டிக்கொண்டு போவதே கூடாது என்ற விதியுடன் சில போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். வலக்காலால் ஆடிப் பழகியவன் இடக்காலால்தான் உதைக்க வேண்டும் என்று வேறு சில போட்டிகள். சிறுவர்களுக்கு உயர அளவு வைத்துப் போட்டிகள். குள்ளமான பிள்ளை நெடிய பிள்ளையிடம் இடிபட்டு ஆட்டத்தையே வெறுத்துவிடாமல் இருப்பதற்கு அது வழி. பெரும் பணச் செலவில்லை. அயல்நாட்டுக் கருவி எதுவும் இல்லை. ஒரு மைதானம், ஒரு பந்து, யோசித்து வகுத்த ஒரு விதி, இவ்வளவே. இன்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சிக் கூடங்களுக்கு நம் குழந்தைகளை அனுப்பும்போது இதனை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இம்முறையின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். இறக்கும்வரை அவ்வணியுடன் அவர் தொடர்பு நீடித்தது. அவ்வாண்டே கல்கத்தாவின் மோகன் பாகான் அணியை வென்று தூரந்த் கோப்பையைக் காவல்துறை அணி கைப்பற்றியது. பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. தூரந்த் கோப்பையை 1954இலும் 1957இலும் மீண்டும் வென்றது. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையும் அக்காலத்தில் ஹைதராபாத்துக்கு அடுத்தடுத்து இருமுறை வந்தது. கால்பந்தாட்டம் என்றால் கல்கத்தா என்று நாடே நம்பியிருந்த காலம் அது. சம்பளத்துக்குக் காவல் புரிந்துவிட்டு மாலையில் பந்தாடிய காவலர்கள் அந்நம்பிக்கையைக் கலைத்துவிட்டனர். நூர் முகம்மது, அஜீசுத்தீன், ஜுல்பிகாருத்தீன் முதலியோர் அன்று வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பெயர்கள்.

இனி, முன்பு குறிப்பிட்ட காரணத்துக்கு வருகிறேன். செகந்திராபாத் கன்டோன்மென்ட் 1806இல் தோன்றியது. சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகள் அங்குத் தங்கியிருந்தமையால் சிப்பாய்களாகவும் கணக்கர்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் தொழிலாளர்களாகவும் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். போலாரம், திருமலகிரி, அம்முகுடா முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. அம்முகுடாவில் அத்தகைய எளிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1936இல் பிறந்தவரே துளசிதாஸ் பலராம். வறுமை மிகுந்த வீடு. ராணுவத்தார் ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர்.

சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களைத் தேடி வந்த ரஹீமின் கண்ணில் இவ்விளைஞர் பட்டார். பயிற்சிக்கு நகரத்துக்கு வரச் சொன்னார் ரஹீம். அம்முகுடாவிலிருந்து நாள்தோறும் நகரத்துக்குப் போய் வருவது எப்படி? கையில் காசில்லை, சொந்தமாகச் சைக்கிள் இல்லை. வாடகைச் சைக்கிளுக்கு வேண்டிய பணத்தை ரஹீமே கொடுத்து வரவழைத்தார் என்பர். ஆசிரியர் ஊதியத்தில் வாழ்ந்தவருக்கு அந்தத் தொகையும் சிறியதன்று. பையனின் தாய்மொழி என்ன, மதம் என்ன, வீடு எங்கே என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. பந்து காலில் வந்து சேரும் முன்பே தலையை உயர்த்தி அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கும் பழக்கம் அவனிடம் இருக்கிறதா என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. பலராமிடம் அது இருந்தது. ஓரிரு ஆண்டுகளில், 1956இல், மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் அவர் இடம் பெற்றார். அப்போது வயது இருபது.

பீட்டர் தங்கராஜ் இந்நகரில் 1935இல் பிறந்தவர். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய குழுக்களில் ஆடிய பின், நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் முன்னணியில் ஆடிய இவரை அங்கே கோல் காவலராக மாற்றினார்கள். அந்த அணி 1955இலும் 1958இலும் தூரந்த் கோப்பையை வென்றதை நம் பெரியோர் பெருமையுடன் பேசியிருப்பார்கள். நெடிய உருவமும் நீண்ட கைகளும் கொண்ட தங்கராஜ் ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். ஆக, ஜகார்த்தாவில் ரஹீம் சாகிப் களத்தில் நிறுத்திய பதினொருவருள் இருவர் இவ்விரட்டை நகரங்களின் தமிழர். அவ்வணியுடன் சென்றவர்களுள் பெங்களூரைச் சேர்ந்த தமிழரான அருமைநாயகமும் எதிராஜும் உண்டு.

ஜகார்த்தாவுக்குப் போகும் முன் ரஹீம் கடந்து வந்த பாதையையும் சிறிது சொல்ல வேண்டும். 1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசியப் பந்தயத்தில் அவர் பயிற்சி அளித்த இந்திய அணி, இறுதியில் ஈரானை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்று தங்கம் பெற்றது. மேவாலால் அடித்த கோல் அது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று தோற்றோம். குளிர் மிகுந்த அந்நாட்டில் ஈரத்தரையில் நம்மவருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பிறகே பூட்ஸ் அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. வேறொருவர் என்றால் அந்தப் பத்துக் கோல்களோடு வீட்டில் முடங்கியிருப்பார்.

நான்கு ஆண்டுகள் கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையை இந்தியா பெற்றது. நெவில் டிசூசா அன்று மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியாவே. எனினும் முடிவில் 1-4 எனத் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. 1960இல் ரோமாபுரியில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்றது. ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக நம் கோல்களை அடித்தவர் பலராம். ரஹீமின் மைந்தர் ஹக்கீமும் அவ்வணியுடன் ரோமாபுரிக்குச் சென்றிருந்தார்.

1962இல் ஜகார்த்தாவுக்குப் புறப்பட்ட காலத்தில் ரஹீம் சாகிப் நோயாளி. நுரையீரலில் புற்றுநோய். சிகரெட் பழக்கம் அவரை விட்டதில்லை. உடல் மெலிந்து இருமலுடன் அவர் நிற்பதை ஆட்டக்காரர்கள் கண்டனர். நோயின் முழு அளவை அறிந்தவர் சிலரே.

ஆகஸ்டு 26ஆம் நாள் முதல் ஆட்டம் தென் கொரியாவுடன். 0-2 என்று தோற்றனர். தென் கொரியா அப்போது சாதாரண அணியன்று. ஆசியக் கோப்பையை 1956இலும் 1960இலும் வென்ற அணி. அடுத்து வரும் இரண்டு ஆட்டங்களிலும் வென்றால்தான் அரையிறுதிக்குச் செல்ல வழியுண்டு என்ற நிலை. 28ஆம் நாள் தாய்லாந்தை 4-1 என்று வென்றனர்; ஆனால் பின்னணிக் காவலின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டு விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாளே ஜப்பானுடன் ஆட்டம். ஜர்னைல் இல்லாமலே 2-0 என்று வென்றனர். பி. கே. பானர்ஜியும் பலராமும் கோல் அடித்தனர்.

அரையிறுதியில் தென் வியட்நாம். இங்கேதான் ரஹீமின் கணக்கு வெளிப்பட்டது. தலையில் கட்டுடன் இருக்கும் ஜர்னைலைப் பழைய இடமான பின்னணியில் நிறுத்தினால், வரும் பந்துகளையெல்லாம் தலையால் தடுத்தே ஆக வேண்டும். வெளியே உட்கார வைத்தால் எதிரிகள் அஞ்சும் உருவமொன்று களத்தில் இல்லாமற் போகும். எனவே அவரை முன்னணிக்கு மாற்றினார். வாழ்நாள் முழுதும் கோலைக் காத்தவனைக் கோல் அடிக்க அனுப்புவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். ஆனால் கல்லூரிப் பருவத்தில் ஜர்னைல் முன்னணியில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அவ்வாட்டத்தில் அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரு கோல்கள், ஜர்னைல் ஒரு கோல். இந்தியா 3, தென் வியட்நாம் 2.

இதற்கிடையில் களத்துக்கு வெளியே புயல் மூண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு பந்தயங்களில் சேர்க்க மறுத்தது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் துணைத் தலைவராயிருந்த இந்தியர் ஜி. டி. சோந்தி, அங்ஙனமாயின் இவற்றை ஆசிய விளையாட்டுப் பந்தயம் என அழைத்தல் ஆகாது என்று வாதிட்டார். ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியர் அனைவர் மீதும் திரும்பியது. இறுதிப் போட்டிக்கு முந்திய நாளான செப்டம்பர் 3இல் ஒரு பெருங்கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தியும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. எவரோ பேசிய பேச்சுக்கு, பந்தாட வந்த இளைஞர்கள் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. பிறமண்ணில் வாழ்வோருக்கு இந்நிலை புரியாததன்று.

மறுநாள் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். நம் நாட்டுப் பண் இசைத்தபோதும் கூச்சல் அடங்கவில்லை. பந்து இந்தியர் காலுக்கு வரும்போதெல்லாம் ஏளன ஒலி. அத்தனை பேரில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்த சிறு கூட்டத்தில் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்பர். ஹாக்கி இறுதியில் நம்மை வென்று தங்கம் பெற்றவர்கள் அவர்கள்.

ரஹீம் அதுகாறும் நடந்த ஆட்டங்களில் இலக்கைக் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாகத் தங்கராஜை நிறுத்தினார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடித்து, பாய்ந்து வந்து மோதும் பழக்கமுடையவர்கள். நெடியவர் ஒருவர் கோலில் நிற்பது நல்லது. ஜர்னைலை மீண்டும் முன்னணியிலேயே வைத்தார். பின்னணியில் திரிலோக் சிங் கால்விரலில் காயத்துடன் ஆடினார். போட்டிக்கு முன் ரஹீம் நீண்ட சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை என்றும், தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது இந்தத் தங்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார் என்றும் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தனர்.

ஆட்டம் தொடங்கி 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடங்கள் கழித்து, நெற்றிக் கட்டுடன் முன்னணியில் ஓடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். இருபது நிமிடத்தில் இரண்டு கோல்கள்! அரங்கத்தின் ஆரவாரம் சற்றே தணிந்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியர்கள் முட்டி மோதினர். சந்திரசேகரும் அருண் கோஷும் திரிலோக்கும் தடுத்தனர். தடுக்க முடியாதவற்றைத் தங்கராஜ் பிடித்தார். 85ஆம் நிமிடத்தில்தான் சா டே-சுங் என்பவர் ஒரு கோலைத் திருப்பினார். எஞ்சிய நிமிடங்கள் நீண்டவையாயிருந்திருக்கும். மேலும் கோல் விழவில்லை.

ஒன்பது நாட்களுக்கு முன் தம்மை 2-0 என்று வென்ற அணியை அதே நகரில் வென்றனர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இடையில் புதிதாக எவரும் இந்தியாவிலிருந்து வந்து சேரவில்லை. அதே ஆட்கள், அவர்களிலும் சிலருக்குக் காயம். தோற்ற ஆட்டத்தைப் பாடமாக எடுத்துப் படித்து, யாரை எங்கே நிறுத்துவது என்று ரஹீம் மாற்றிப் போட்ட கணக்கே வேறுபாடு. அதிர்ஷ்டம் என்று சிலர் பேசினர். கால்விரல் நைந்தவனும் தலை கிழிந்தவனும் ஆடிப் பெற்ற வெற்றிக்கு அது பொருத்தமான சொல்லாக எனக்குத் தோன்றவில்லை.

ஹைதராபாத்துக்குத் திரும்பிய ரஹீம் சாகிப்பை நோய் விரைவில் படுக்கையில் வீழ்த்தியது. பரிசாகக் கேட்ட தங்கத்தைப் பெற்றபின் அவர் ஓர் ஆண்டு முழுவதும் வாழவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், தமது 53ஆம் வயதில் காலமானார். அவர் விட்டுச் சென்ற அணியில் பலர் 1964இல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றனர். அதன்பின் படிப்படியாக இறக்கமே. பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருதை அரசு ஏற்படுத்தியது 1985இல். ரஹீம் மறைந்து 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் வாழ்க்கையைத் தழுவி 2024இல் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்தபோதுதான், இந்நகரிலேயே பல இளைஞர்கள் அவர் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டனர்.

தங்கராஜ் 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008இல் பொக்காரோவில் மறைந்தார். பலராமுக்கு அவ்விருது 1962இலேயே கிடைத்தது. ஆனால் ஆசிரியர் நுரையீரல் நோயால் மறைந்த அதே 1963இல் மாணவரையும் நுரையீரல் நோய் பற்றியது. மருத்துவர்கள் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை. அம்முகுடாவிலிருந்து வாடகைச் சைக்கிளில் புறப்பட்ட அவர், எஞ்சிய அறுபது ஆண்டு வாழ்வின் பெரும்பகுதியை வங்காளத்திலேயே கழித்து, 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார்.